டிஜிட்டல் ஒளிபரப்பும் சமூகத் தொலைக்காட்சியும்: திருப்பூரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தொலைக்காட்சி பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் வினா நம் மார்க்க மேடைகளில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. கருவிக்கெனத் தனிச் சட்டம் இல்லை. எந்த நோக்கத்திற்கு அது பயன்படுகிறதோ அந்நோக்கத்தின் சட்டமே அதற்கும் உரியது என்னும் ஃபிக்ஹ் விதியின் துணைகொண்டு உலமாக்களில் ஒரு சாரார் விடை கண்டனர். மற்றொரு சாரார் பேணுதல் கருதி விலகி நின்றனர். அவ்விவாதத்தை மீண்டும் தொடங்குவது நம் நோக்கமன்று. அதற்கு அடுத்த படியில் உள்ள வேறொரு வினாவே இக்கட்டுரையின் பொருள். ஓர் ஊரில் வாழும் எளிய மக்கள், தம் ஊர்த் திரையில் தம் ஊராரோடு பேசுவதற்கு வழி உண்டா? உண்டெனில், அவ்வழியின் கதவு யார் கையில் இருக்கிறது?

2012 முதல் 2017 வரை இந்தியக் கேபிள் தொலைக்காட்சியில் நிகழ்ந்த டிஜிட்டல் மாற்றம் இவ்வினாவிற்கான விடையை அடியோடு மாற்றிவிட்டது. அம்மாற்றத்தைப் பற்றிப் பேசியவர்கள் படத்தின் தெளிவையும் அலைவரிசைகளின் எண்ணிக்கையையும் மாதக் கட்டணத்தையும் பற்றியே பெரிதும் பேசினர். ஊர்மக்கள் பேசும் உரிமைக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சிலரே கேட்டனர். திருப்பூர் போன்ற தொழில் நகரத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

சமூகத் தொலைக்காட்சி என்பது யாது?

ஒலிபரப்பையும் ஒளிபரப்பையும் மூவகையாகப் பிரித்துக் கூறுவர். அரசு அல்லது அரசு சார்ந்த பொது அமைப்பு நடத்துவது முதல் வகை. இலாப நோக்கில் தனியார் நடத்துவது இரண்டாம் வகை. ஒரு வட்டாரத்து மக்கள் இலாப நோக்கின்றித் தமக்காகத் தாமே நடத்திக்கொள்வது மூன்றாம் வகை. மூன்றாவதே சமூக ஊடகம் என்று முறைப்படி அழைக்கத் தக்கது. கைப்பேசிச் செயலிகளுக்கு இன்று அப்பெயர் வழங்குவதால் பொருள் மயக்கம் ஏற்படுகிறது. எனவே, சமூக வானொலி, சமூகத் தொலைக்காட்சி என்றே நாம் குறிப்பிடுவோம்.

இந்தியாவில் சமூக வானொலிக்குச் சட்ட அடிப்படை உண்டு. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஊட்டிய உந்துதலால் முதலில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சமூக வானொலி 2004இல் சென்னையில் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் அவ்வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. தொலைக்காட்சிக்கோ இத்தகைய கொள்கை எதுவும் இன்றுவரை வகுக்கப்படவில்லை. 1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் ஓராண்டு நடைபெற்ற ‘சைட்’ சோதனையும், அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமத்தாரையே பங்கேற்கச் செய்து இஸ்ரோ நடத்திய ஒளிபரப்பும் நல்ல முன்மாதிரிகளாக அமைந்தன. எனினும் அவை நிலைத்த சட்ட வடிவம் பெறவில்லை.

சட்டம் தராத அவ்விடத்தை நம் ஊர்களில் ஓரளவு நிரப்பியது கேபிள்தான்.

கேபிள் காலத்துத் திருப்பூர்

1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகின. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழகத்தின் ஒவ்வொரு தெருவிலும் கேபிள் வடங்கள் படரலாயின. மொட்டை மாடியில் சில குடை ஆன்டெனாக்கள், கீழே ஒரு சிறு அறை, அங்கே ஓர் அலைவரிசைக்கு ஒன்றாக மாடுலேட்டர் கருவிகள்: கேபிள் ஆபரேட்டரின் கட்டுப்பாட்டு அறை என்பது இவ்வளவே. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஊரின் தலைமை அஞ்சலகத்தில் படிவம் அளித்து 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் போதுமானதாக இருந்தது.

அவ்வறையில் கூடுதலாக ஒரு மாடுலேட்டரை வைத்து, அதனுடன் ஒரு வீடியோ பிளேயரை இணைத்துவிட்டால் உள்ளூர் அலைவரிசை ஒன்று பிறந்துவிடும். இதன் எளிமையே இதன் சிறப்பு. பேசவிரும்பும் மனிதர், தம் தெருவிற்கு மாதந்தோறும் பணம் வாங்க வரும் ஆபரேட்டரைக் கேட்டால் போதும். அவரும் இவரை அறிவார்.

திருப்பூரில் அதன் பயன் பலவாறாக விரிந்தது. கல்கத்தாவிலிருந்து கொணர்ந்த பின்னல் எந்திரங்களோடு இங்கே பனியன் தொழில் வேரூன்றிய காலத்து முன்னோடிகளுள் குலாம் காதர் அவர்களின் பெயரைத் தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. அத்தொழில் வளர வளர மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் தனி மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்த இவ்வூரில், லைன் வீடுகளில் குடியிருப்போரில் பெரும்பாலோர் வெளியூரார். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் அறைக்குத் திரும்பும் அவர்களுக்கு, ‘ஓவர்லாக் டைலர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு’ என உள்ளூர் அலைவரிசையின் அடிப்பகுதியில் ஓடிய எழுத்துகள் வெறும் விளம்பரங்களல்ல; பிழைப்பிற்கான வழிகாட்டி. குடிநீர் எந்த நாளில் வரும், மின்தடை எப்பகுதியில், காணாமற்போன குழந்தை யாருடையது, இறந்தவரின் நல்லடக்கம் எப்போது என்பன போன்ற செய்திகளையும் அத்திரையே சுமந்தது. கோயில் திருவிழாவும் தேவாலயப் பெருநாளும் சந்தனக்கூடும் பள்ளி ஆண்டுவிழாவும் ஒரே அலைவரிசையில் அடுத்தடுத்து வந்தன. ரமளான் மாதத்தில் சஹர் நேர பயான்கள் ஒளிபரப்பாயின. பிறைத் தகவலை அறிய அத்திரையை நோக்கிக் காத்திருந்த வீடுகள் பல. நம்மைப் போன்ற மதரஸா ஆசிரியர்கள் பலருக்கும் மிம்பருக்கு அப்பால் கிடைத்த இரண்டாவது மேடை அதுவே.

இவ்வலைவரிசைகளைக் குறையற்றவை என்று நாம் கூறவில்லை. உரிமம் பெறாத திரைப்படங்கள் அவற்றில் ஓடின. அரசியல் செல்வாக்குடையோர் கையில் சில சிக்கின. எதை ஒளிபரப்புவது என்பதில் ஊராருக்கு முறையான உரிமை எதுவும் இல்லை. ஆபரேட்டரின் நல்லெண்ணமே விதி. முழுப்பொருளில் அவை சமூகத் தொலைக்காட்சி ஆகா. ஆயினும், ஒரு சிறு சமூகம் மிகக் குறைந்த செலவில் தன் குரலைத் திரைக்குக் கொண்டுசெல்லும் வாசலாக அவை இருந்தன என்பதை மறுக்க இயலாது.

டிஜிட்டல் முறை எவ்வாறு இயங்குகிறது?

பழைய அனலாக் முறையில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் கேபிளில் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகல இடம் வேண்டும். அதனால் நூறு அலைவரிசைகளைக் கடப்பதே அரிது. டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. பேக்கிங் பிரிவில் பணியாற்றுவோர்க்கு இது எளிதில் விளங்கும். கொடியில் தொங்கும் பத்துப் பனியன்கள் அடைக்கும் இடத்தில், மடித்து உறையிட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கினால் நூற்றுக்கணக்கில் வைக்கலாம் அல்லவா? அதுபோல, முன்பு ஓர் அலைவரிசை நிரப்பிய இடத்தில், சுருக்கும் முறைக்கேற்ப இன்று ஏறத்தாழ 10 முதல் 20 வரை அலைவரிசைகள் பயணம் செய்கின்றன.

பெட்டியை அடுக்குவதோடு பணி முடிவதில்லை. அதற்குப் பூட்டும் இடப்படுகிறது. அலைவரிசைகள் மறையாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகின்றன. வீட்டிலுள்ள செட்டாப் பாக்ஸ், தலைமை நிலையத்தின் கட்டளை பெற்று, அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளை மட்டும் திறந்து காட்டும். எத்தனை பெட்டிகள் இயங்குகின்றன, எவர் எதற்குப் பணம் செலுத்தினார் என்னும் கணக்கு முழுவதும் அங்கேயே இருக்கும். அனலாக் காலத்தில் இணைப்புகளைக் குறைத்துக் காட்டும் வழக்கம் பரவலாக இருந்ததால், அரசும் அலைவரிசை நிறுவனங்களும் இம்முறையை விரும்பியதில் நியாயம் உண்டு.

ஆனால் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். சுருக்குவது, ஒன்றுசேர்ப்பது, பூட்டுவது ஆகிய மூன்றும் விலையுயர்ந்த கருவிகளால் ஒரே மையத்தில் செய்யப்படுவன. அம்மையத்தை நடத்துபவர் எம்.எஸ்.ஓ. எனப்படும் பெருநிறுவனம். தெருவின் ஆபரேட்டரோ அம்மையத்திலிருந்து வரும் வடத்தை வீடுகளுக்குப் பிரித்துத் தருபவராகவும் பணம் வசூலிப்பவராகவும் மட்டும் எஞ்சினார். அவருடைய அறையிலிருந்த மாடுலேட்டருக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊர்க்காரர் கேட்டாலும் ஓர் அலைவரிசையைச் சேர்க்க அவரால் இயலாது. சாவி அவரிடம் இல்லை.

மாற்றம் நிகழ்ந்த விதம்

சென்னையில் 2003 செப்டம்பரில் கட்டண அலைவரிசைகளுக்குச் செட்டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டது இதற்கு முன்னோட்டம். 2011 இறுதியில் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக டிஜிட்டல் முறைக்கு மாறும் ஏற்பாடு வந்தது. முதற்கட்டத்தில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள் 2012 அக்டோபர் 31இலும், இரண்டாம் கட்டத்தில் கோயம்புத்தூர் உள்ளிட்ட 38 நகரங்கள் 2013 மார்ச் 31இலும் மாற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. திருப்பூர் போன்ற ஏனைய நகர்ப்புறங்கள் மூன்றாம் கட்டம். 2015 டிசம்பர் 31 என்னும் எல்லை பின்னர் நீண்டது. கிராமங்களுக்கான நான்காம் கட்டத்தின் எல்லை 2017 மார்ச் 31.

தமிழகத்தில் இதன் போக்கு சற்று வேறுபட்டது. 2007இல் அமைக்கப்பட்டு நலிந்திருந்த அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் புத்துயிர் பெற்றது. ஏறத்தாழ 70 இலட்சம் இணைப்புகளை எட்டியது. மாநில அரசுகள் ஒளிபரப்பு விநியோகத்தில் ஈடுபடலாகாது என்னும் டிராயின் நிலைப்பாட்டால் அதற்கு டிஜிட்டல் உரிமம் தாமதமாகி, 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் இலவசமாகச் செட்டாப் பாக்ஸ்கள் வழங்கப்பட்டன. 2006 முதல் அரசு அளித்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்திருந்த இல்லங்கள், இப்பெட்டி இன்றேல் கேபிள் படம் காண இயலாத நிலைக்கு வந்துவிட்டிருந்தன. தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் கோபுரங்களை, சில தேவைகளுக்கான ஏறத்தாழ ஐம்பது நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்தியது.

உள்ளூர் அலைவரிசைகளுக்கான விதிகள் கடைசியாகவே வந்தன. மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றுக்கு ‘தளச் சேவைகள்’ என்று பெயரிட்டன. அலைவரிசை ஒன்றுக்கு 1,000 ரூபாய்ப் பதிவுக் கட்டணம், எம்.எஸ்.ஓ. தன் மொத்தக் கொள்ளளவில் ஐந்து விழுக்காட்டிற்கு மேல் இவற்றை நடத்தக் கூடாது. இதனோடு மாவட்ட அளவில் இரண்டு அலைவரிசைகளை நடத்தலாம். உள்ளூர்ச் செய்தி வழங்க, கம்பெனியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒளிபரப்பியவற்றை 90 நாள்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். இவற்றுள் பல நல்ல விதிகளே. ஆயினும் இவை அனைத்தும் எம்.எஸ்.ஓ.வின் உரிமையையே வரையறுக்கின்றன. ஊராரின் உரிமை என ஒன்றை எங்கும் கூறவில்லை. 2025 ஜனவரியில் வந்த விதித்திருத்தம் உள்ளூர் ஆபரேட்டரின் பதிவையும் அஞ்சலகத்திலிருந்து எடுத்து, 5,000 ரூபாய்க் கட்டணத்தில் இணையவழியாக அமைச்சகத்திடமே ஒப்படைத்தது.

இடமும் வழியும்

இவ்விடத்தில் ஃபிக்ஹ் நூல்களின் ஒரு பகுதி நமக்கு நல்ல விளக்கம் தருகிறது. ஹனஃபி அறிஞர்கள் ‘ஹுகூகுல் இர்த்திஃபாக்’ என்னும் தலைப்பில், பிறர் உடைமையின் ஊடாக ஒருவருக்குள்ள பயன்பாட்டு உரிமைகளை ஆராய்கின்றனர். வயலுக்கு நீர் பாயும் உரிமை, கழிவுநீர் வடியும் உரிமை, நடந்து செல்லும் உரிமையாகிய ‘ஹக்குல் முரூர்’ ஆகியன அவற்றுள் சில. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பெற்ற ‘மஜல்லா’ சட்டத்திலும் இவை இடம்பெற்றன.

நிலத்தை விற்கும்போது ‘அதற்குரிய உரிமைகள் அனைத்துடனும்’ என்று குறிப்பிடாவிடில், பிறர் நிலத்தின் வழியே செல்லும் பாதையுரிமை அவ்விற்பனையில் சேராது; வாடகைக்கு விடும்போதோ குறிப்பிடாவிடினும் சேரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. வாடகையின் நோக்கமே பயன் துய்ப்பது. பாதை இன்றேல் பயன் இல்லை என்பது அவர்கள் காட்டும் காரணம். எவ்வளவு நுண்ணிய பார்வை! நிலம் எவ்வளவு பரந்ததாயினும் அதனை அடையும் வழி அடைபட்டால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

டிஜிட்டல் மாற்றத்தில் நேர்ந்தது இதுவே. அலைவரிசைகளுக்கான இடம் பன்மடங்கு பெருகிற்று. அவ்விடத்தை அடையும் பாதை பற்றிச் சட்டம் மௌனம் காத்தது. எனவே ஊராருக்கு முன்பிருந்த வழக்காற்றுப் பாதையும் மறைந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராயின் கட்டண முறை, எதைப் பார்ப்பது என்னும் தெரிவுரிமையைச் சந்தாதாரருக்குத் தந்தது. எதைப் பேசுவது, எங்கே பேசுவது என்னும் உரிமை அதில் அடங்கவில்லை.

சாவி தொலைவில் இருப்பதன் விளைவு

2022 நவம்பரில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் இலட்சக்கணக்கில் ஒரே வேளையில் செயலிழந்தன. மென்பொருளை இயக்கிய தனியார் நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே எழுந்த பிணக்கு காவல்துறை வழக்குவரை சென்றது. அனலாக் காலத்தில் ஓர் ஆம்ப்ளிஃபையர் பழுதானால் ஒரு தெரு இருளும்; அடுத்த தெரு ஒளிரும். ஒரே பூட்டிற்குள் அனைத்தும் வைக்கப்படும்போது பழுதும் ஒன்றாகவே வருகிறது.

அடுத்தது இதனினும் கவலைக்குரியது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. எங்கோ, எப்போதோ, வேறு காரணத்தால் நிகழ்ந்தவற்றைத் தமிழகத்தோடு இணைத்துக் காட்டிய கட்டுக்கதைகள் அவை. திருப்பூரில் அச்சம் சூழ்ந்தது. பீகார் அரசு அனுப்பிய குழு இங்கு வந்து நிலைமையை நேரில் கண்டறிந்தது. காவல்துறை இந்தியில் விளக்கக் காணொளிகள் வெளியிட்டது. உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. வதந்தி பரப்பியோர் மீது வழக்குகள் பதிவாயின. அரசு செய்த பணி பாராட்டத் தக்கது. எனினும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது வேறு. ஒரே கம்பெனியில், அடுத்தடுத்த எந்திரங்களில் அமர்ந்து தைக்கும் இரு தொழிலாளர்களுக்குப் பொதுவான ஊர்த்திரை ஒன்று இல்லை. தமிழரும் பீகாரியும் ஒடியரும் அமர்ந்து, அவரவர் மொழியில், ‘நாங்கள் நலமாக இருக்கிறோம்’ என்று சொல்லும் இடம் ஒன்று இருந்திருப்பின், வதந்தி பிறப்பதைத் தடுத்திராவிடினும் அது வேர்கொள்ளும் வேகம் குறைந்திருக்கும் என்றே கருதுகிறோம்.

யூடியூப் இருக்கும்போது இவை எதற்கு என்று சிலர் வினவலாம். உள்ளூர் அலைவரிசை நடத்தியோர் பலர் அங்குச் சென்றுவிட்டதும் உண்மை. ஆயினும் அங்கு எதனை யார் கண்ணில் காட்டுவது என்பதைத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணக்கீடே முடிவு செய்கிறது. அண்டை வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் ஒரே செய்தியைக் காணும் நிலை அதில் அமைவதில்லை. பொய் சொன்னவரைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று. ஊர்த்திரையிலோ பேசியவர் யாரென ஊர் அறியும். பதிவும் 90 நாள்கள் காக்கப்படும்.

பிற நாடுகளின் படிப்பினை

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், பொதுமக்கள், கல்வி, உள்ளாட்சி ஆகியவற்றின் பயன்பாட்டிற்கென அலைவரிசைகளை ஒதுக்குமாறு கேபிள் நிறுவனங்களிடம் கோரும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழங்கியது. அர்ஜென்டினா 2009இல் இயற்றிய சட்டம் ஒளிபரப்பு இடத்தில் 33 விழுக்காட்டை இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஒதுக்கியது. ஆஸ்திரேலியாவிலோ, மெல்போர்ன் முதலிய நகரங்களின் சமூகத் தொலைக்காட்சிகள் டிஜிட்டலுக்கு மாறிய சில ஆண்டுகளில், காற்றலையைவிட்டு இணையத்திற்குச் செல்லுமாறு 2014இல் அரசு அறிவித்தது. மெல்போர்னும் அடிலெய்டும் போராடிப் பலமுறை காலநீட்டிப்புப் பெற்றன. ஏனைய நகரங்களின் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் காற்றலையை விட்டு நீங்கின. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைக்கும் ஆட்சியாளரின் அனுமதியில் நிற்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை இவை காட்டுகின்றன.

செய்யத் தக்கன

முதலாவது, சட்டம். தூர்தர்ஷனின் குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கேபிள் நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று கேபிள் சட்டத்தின் எட்டாம் பிரிவு விதிக்கிறது. கட்டாயப் பாதை என்பது நம் சட்டத்திற்குப் புதியதன்று. அதே பாதையை மாவட்டத்திற்கு ஒன்றாவது, இலாப நோக்கற்ற சமூக அலைவரிசைக்கும் விரிக்கலாம். அனுமதிக்கப்பட்ட இரு மாவட்ட அலைவரிசைகளில் ஒன்றை இவ்வாறு ஒதுக்கினால் எவர் இடமும் பறிபோகாது. சமூக வானொலிக்கு 2006இல் வகுத்த நெறிகளைத் தொலைக்காட்சிக்கும் தழுவி எழுதலாம். கேபிள் சுருங்கி வேறு வழிகள் வளரும் இக்காலத்தில், இவ்வுரிமை ஒரு கருவியோடு பிணைக்கப்படாமல், வீடுகளுக்கு ஒளிபரப்பைக் கொண்டுசெல்லும் எல்லா வழிகளுக்கும் பொருந்துமாறு அமைய வேண்டும்.

இரண்டாவது, நம் சமுதாயத்தின் ஆயத்தம். தொலைக்காட்சியில் நேரம் கிடைத்தபோதெல்லாம் நம் இயக்கங்கள் அதில் பெரும்பகுதியை ஒன்றையொன்று மறுத்துரைப்பதிலேயே செலவிட்டதைப் பார்த்தோம். அத்தகைய அலைவரிசையை ஊர் தேடாது. தொழிற்சங்கம், பள்ளிகள், மகளிர் குழுக்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய அனைத்தின் பொறுப்பாளர்களும் அமரும் ஓர் ஆலோசனைக் குழுவின் கீழ் இயங்குவதே ஊர் அலைவரிசை எனத் தகும். அதில் நம் பங்கு பலவற்றுள் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது, அரபிக் கல்லூரிகளுக்குத் தனியே ஒரு பொறுப்பு உண்டு. இந்திப் பேச்சோடு நெருங்கிய உர்தூவைப் பயின்ற ஆசிரியர்களும் மாணவர்களும் நம்மிடையே பலர். ஊதியம், மருத்துவம், வாடகை, சட்ட உதவி பற்றிய செய்திகளை வடமாநிலத் தொழிலாளர்க்கு அவர்கள் மொழியில் எடுத்துரைக்க இவ்வூரில் நம்மைவிட ஆயத்தமானவர் சிலரே. மார்க்கம் பார்த்துச் செய்ய வேண்டிய பணியன்று இது. அண்டை அயலாரின் உரிமை. அதற்கான ஒளிப்பதிவுப் பயிற்சியை மாணவர்களுக்கு இப்போதே தொடங்கலாம். அலைவரிசை கிடைக்கும்வரை பதிவுகள் கைப்பேசியிலேனும் பயன்படும்.

திருப்பூரின் வீடுகளில் இன்று நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் வருகின்றன. அவற்றுள் ஒன்றாவது இவ்வூராரின் பெயரால், சட்டம் உறுதிசெய்த பாதையில் வருமாறு செய்யக் கோருவது சலுகை வேண்டுவதாகாது. காற்றலை மக்களின் சொத்து என்று 1995இல் ஒப்புக்கொள்ளப்பட்டபின், அச்சொத்தை அடையும் வழியைக் கேட்பது உரிமையாளரின் கோரிக்கையே.